ஐந்தாம் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் நடுவில்

(கண்டி மாவட்டத் தோட்டத் தலைவர்கள், தலைவிகள், மாதர் குழு உறுப்பினர்களுக்காக நடந்த கல்விக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. விறகு பொறுக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், கடைக்குப் போய்வர வேண்டும். அந்த வேலைகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை, நாவலப்பிட்டி, மடுல்கலை, ரங்கலைப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கேள்வி ஒன்றுதான். நம் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் தரம் முடிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த வருஷம் ஆறாம் தரத்தில் போய் உட்காருகிறார்கள்? எத்தனை பேர் உட்காரவில்லை? உட்காராதவர்கள் எங்கே போனார்கள்?

சம்பளக் கணக்கு நமக்குத் தெரியும். எத்தனை பேர், எத்தனை அரைப்பேர், எவ்வளவு மேலதிகக் கிலோ, சேமலாப நிதிக்கு எவ்வளவு வெட்டினார்கள் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்வோம். இந்தப் பிள்ளைக் கணக்கை மட்டும் நாம் எழுதி வைப்பதில்லை. அதை இனி எழுத வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

உலகம் எப்படி எண்ணுகிறது

ஐக்கிய நாடுகள் சபையின் கல்வி நிறுவனமான யுனெஸ்கோ நாடுகளை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. போன வருஷம் ஆரம்பப் பிரிவின் கடைசி வகுப்பில் இருந்த பிள்ளைகள் எத்தனை பேர், இந்த வருஷம் இடைநிலைப் பிரிவின் முதல் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பார்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதுதான் அந்த நாட்டின் மாறிச்செல்லும் வீதம். நம் நாட்டில் ஆரம்பப் பிரிவு ஐந்தாம் தரத்தோடு முடிகிறது. ஆகவே இங்கே அது ஐந்திலிருந்து ஆறுக்குப் போகும் வீதம்.

எல்லா நாட்டிலும் ஆரம்பப் பிரிவு ஐந்து வருஷம் இல்லை. மலேசியாவில் ஆறு, தன்சானியாவில் ஏழு. பதினோரு வயதுப் பிள்ளை ஆறாம் தரத்துக்குப் போவதையும், பதினான்கு வயதுப் பிள்ளை எட்டாம் வகுப்புக்குப் போவதையும் ஒரே தராசில் வைக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். பதினான்கு வயதில் கடையிலும் வயலிலும் வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் அதிகம்.

இந்தக் கணக்கில் இலங்கை மிக நல்ல இடத்தில் இருக்கிறது. உலக அட்டவணையில் நம் நாட்டின் வீதம் நூறுக்குப் பக்கத்தில் நிற்கிறது. 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வி, பிற்பாடு வந்த இலவசப் பாடநூல், இலவசச் சீருடை எல்லாம் சேர்ந்து கொடுத்த பலன் அது. நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் அந்தக் கணக்கில் நாம் எங்கே இருக்கிறோம்?

சராசரி மறைப்பது

கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வாருங்கள். ஒரு நாளைக்கு 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தங்கச்சி 26 கிலோ எடுத்தாள். மூட்டு வலியோடு மலைக்குப் போன ஓர் அக்கா 10 கிலோ எடுத்தார். இரண்டு பேருடைய சராசரி 18. சராசரியைப் பார்த்தால் இரண்டு பேருக்கும் முழுப்பேர் போட்டிருக்க வேண்டும். போடுவார்களா? அக்காவுக்கு அரைப்பேர்தான். சராசரி வீட்டுக்கு அரிசி கொண்டு வராது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாட்டுக் கணக்கும் அப்படித்தான். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு மக்களில் தோட்டத்துறையில் வாழ்பவர்கள் சுமார் 4.4 வீதம். அதே அளவில் பார்த்தால், ஐந்தாம் தரம் முடிக்கும் ஆயிரம் பிள்ளைகளில் 44 பேர் தோட்டத்துப் பிள்ளைகள். ஒரு பேச்சுக்கு, அந்த 44 பேரில் 10 பேர் நின்றுவிட்டார்கள், மற்ற எல்லாப் பிள்ளைகளும் ஆறாம் தரத்துக்குப் போய்விட்டார்கள் என்று வையுங்கள். ஆயிரத்தில் 990 பேர் போயிருக்கிறார்கள். நாட்டின் வீதம் 99. அறிக்கையில் அழகான எண். உலக அட்டவணையில் அழகான இடம்.

தோட்டத்தின் வீதம் எவ்வளவு? 44 பேரில் 34 பேர். அதாவது 77 வீதம். நாலு பிள்ளைக்கு ஒரு பிள்ளை நின்றுவிட்டது. ஆனாலும் நாட்டின் எண் ஒரே ஒரு புள்ளிதான் குறையும். இது நான் போட்டுக் காட்டிய உதாரணக் கணக்கு. உங்கள் தோட்டத்தில் உண்மையான எண் எவ்வளவு என்பதை உங்களால்தான் சொல்ல முடியும். 99 என்ற எண்ணுக்குள்ளே ஒரு லயமே மறைந்து நிற்க முடியும் என்பதைக் காட்டத்தான் இதைச் சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது. செக்ரோலில் பேர் இருப்பது வேறு, மலைக்கு வந்து கொழுந்து எடுப்பது வேறு. அதைப்போல ஆறாம் தர இடாப்பில் பேர் பதிந்துவிட்டு, இரண்டாம் தவணையோடு பாடசாலைக்கு வராமல் நின்றுவிடும் பிள்ளையும் உண்டு. நாடுகளை ஒப்பிடும் கணக்கில் அந்தப் பிள்ளை "போய்ச் சேர்ந்த பிள்ளை". லயத்தில் அந்தப் பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறது.

வேலி போட்டது யார்

தோட்டத்துப் பிள்ளைக்கு ஐந்தாம் தரத்தில் மட்டும் ஏன் தடுக்கிறது? அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் வியாபாரத்துக்காகத் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டம் நம் கண்டி மாவட்டத்தில்தான் இருக்கிறது. தேயிலை வந்து நாற்பது வருஷம் கழித்து, 1907இல், வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தது. தோட்டத் தொழிலாளரின் ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புச் சொல்லிக்கொடுக்கத் தோட்டத்துரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது அந்தச் சட்டம். பத்து வயதோடு நிறுத்து என்று அதில் எழுதவில்லை. பத்து வயதுக்குப் பிறகு என்ன என்று எழுதவே இல்லை. கொழுந்துக்கும் புல் வெட்டவும் கை தேவைப்பட்டது. கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்று நினைத்தார்கள். ஓர் ஆசிரியர், ஒரே மண்டபம், எல்லா வகுப்பும் அதற்குள்ளே. அதுதான் லயத்துப் பள்ளிக்கூடம்.

1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்கு வெளியிலேயே நின்றன. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகளை எடுக்கவில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, 1977இல் தொடங்கிக் கட்டம் கட்டமாகத்தான் தோட்டப் பள்ளிகள் அரசாங்கப் பாடசாலைகள் ஆயின. இலவசக் கல்வி நம் வாசலுக்கு வந்துசேர முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

அதன் பிறகு நிறைய மாறியிருக்கிறது. சுவீடன், ஜெர்மனி நாடுகளின் உதவியோடு கட்டடங்கள் எழும்பின. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உதவி ஆசிரியர்கள் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு நியமிக்கப்பட்டார்கள். நம் பிள்ளைகள் ஆசிரியர்களாக, தாதியராக, சட்டத்தரணிகளாக, விரிவுரையாளர்களாக வந்திருக்கிறார்கள். இதையெல்லாம் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் பல தோட்டங்களில் பாடசாலை இன்னும் ஐந்தாம் தரத்தோடு முடிகிறது. மூன்றாம் வகைப் பாடசாலை என்று கல்வி அமைச்சு சொல்வது அதைத்தான். 1907இல் பத்து வயதில் போட்ட வேலியின் அடையாளம் இன்னும் அந்தக் கட்டடத்தில் இருக்கிறது. நகரத்தில் பதின்மூன்றாம் தரம் வரை உள்ள பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு, ஐந்திலிருந்து ஆறுக்குப் போவது ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்கு நடப்பது மாதிரி. நம் பிள்ளைக்கு அது விடுகைப் பத்திரம் வாங்கி, புதிய பாடசாலையில் விண்ணப்பம் கொடுத்து, பஸ்ஸுக்குக் காசு தேடி, ஊர் விட்டு ஊர் போவது. இரண்டு பிள்ளைகளும் ஒரே கணக்கில் ஒரே மாதிரி எண்ணப்படுகிறார்கள்.

மற்ற நாட்டுத் தோட்டங்களில்

இந்த வேலி நமக்கு மட்டும் போட்டது அல்ல. நம்மைப் போல் கப்பலேற்றப்பட்டவர்கள் போன இடமெல்லாம் ஏதோ ஒரு வடிவில் இருந்தது.

இந்தியாவில் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால் முதலாளி கல்வி வசதி செய்ய வேண்டும் என்று மாநில அரசு விதிக்கலாம் என்றது. அங்கே வேலி பன்னிரண்டு வயதில். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் பல காலம் கம்பனி நடத்தும் ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. அண்மையில்தான், 2022இல், அந்த மாநில அரசு தோட்டப் பகுதிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட மாதிரி உயர்நிலைப் பள்ளிகளைத் திறந்தது. தோட்டத்துக்குப் பக்கத்தில் அடுத்த பள்ளி இருந்தால்தான் பிள்ளை போகும் என்பதை ஒப்புக்கொண்ட வேலை அது. 2009இல் வந்த இந்தியக் கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகளும் தூரத்தை எழுதி வைத்திருக்கின்றன. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீற்றருக்குள், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீற்றருக்குள் பள்ளி இருக்க வேண்டும். எழுதியதெல்லாம் நடக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் எழுதியிருந்தால், அதைக் காட்டிக் கேட்கலாம்.

மலேசியாவைப் பாருங்கள். அங்கே இறப்பர்த் தோட்டத்துக்குப் போனவர்களும் நம் சொந்தங்கள்தான். 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. இன்றும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அங்கே இருக்கின்றன. ஆனால் அவை ஆறாம் ஆண்டு வரைதான். அதன் பின் இடைநிலைப் பள்ளியில் மலாய் மொழி. இடைநிலைக்குப் போக முன்பு ஒரு நுழைவுப் பரீட்சை இருந்தது. 1964இல் அதை எடுத்துவிட்டார்கள். கதவு திறந்தது. மொழி மாறுகிற பிள்ளை தடுமாறாமல் இருக்க நடுவில் ஒரு வருஷம் புகுமுக வகுப்பு என்று வைத்தார்கள். ஒரு வருஷம் பின்தங்க வேண்டியிருக்கிறது என்று அங்குள்ளவர்கள் குறை சொல்வதும் நியாயம்தான். ஆனாலும் மொழி மாறும் இடத்தில் பிள்ளைக்குக் கைகொடுக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள்.

மொறீஷியஸ் கரும்புத் தோட்ட நாடு. 1977இல் இடைநிலைக் கல்வி இலவசமானது. 2005இல் மாணவர்களுக்குப் பஸ் பயணமும் இலவசமானது. பள்ளிக்கூடக் கட்டணத்தை எடுத்துவிட்டாலும் பஸ் கட்டணம் மிச்சம் இருக்கிறது என்பதை அந்த நாடு கணக்கில் எடுத்தது.

பங்களாதேஷ் 1994இல் கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து உதவிப்பணம் கொடுக்கத் தொடங்கியது. வருகை 75 வீதம் இருக்க வேண்டும், கலியாணம் முடித்து வைக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். இன்று அந்த நாட்டின் இடைநிலை வகுப்புகளில் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகள் அதிகம். ஆனால் அதே நாட்டில் சில்ஹெட் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை இன்னும் பின்னால்தான் நிற்கிறது. 2022 ஆகஸ்டில் அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து நாட்கூலியை 120 டாக்காவிலிருந்து 170 டாக்காவுக்கு உயர்த்தினார்கள் என்பது பலருக்கும் ஞாபகம் இருக்கும். நாட்டின் சராசரி ஏறினாலும் தோட்டம் தானாக ஏறாது என்பதற்கு அது இன்னொரு சாட்சி.

தன்சானியாவின் கதையைக் கவனமாகக் கேட்க வேண்டும். 2000ஆம் ஆண்டளவில் அங்கே ஆரம்பப் பள்ளி முடித்த நாலு பேரில் ஒருவர் அளவில்தான் இடைநிலைக்குப் போக முடிந்தது. 2004இலிருந்து அரசாங்கமும் கிராம மக்களும் சேர்ந்து வட்டாரத்துக்கு ஒரு பள்ளி என்று கட்டினார்கள். மக்கள் கல் சுமந்தார்கள், மண் சுமந்தார்கள். போகிறவர் தொகை விறுவிறு என்று ஏறியது. ஆனால் ஆசிரியர்களும் புத்தகமும் அந்த வேகத்தில் வரவில்லை. 2012இல் நாலாம் படிவப் பரீட்சையில் பெரும்பான்மைப் பிள்ளைகள் தோற்றுப்போனார்கள், நாடே அதிர்ந்தது. கதவைத் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இருக்க வேண்டும். இது நமக்கும் பொருந்துகிற பாடம்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. வீதம் உயர்ந்த நாடு ஒவ்வொன்றும் பிள்ளையின் வழியில் கிடந்த ஒரு குறிப்பிட்ட கல்லை எடுத்துப் போட்டிருக்கிறது. ஒரு நாடு பரீட்சையை எடுத்தது, ஒரு நாடு பஸ் காசை எடுத்தது, ஒரு நாடு பள்ளியைக் கிட்டக் கொண்டுவந்தது. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்த எந்த நாட்டிலும் வீதம் உயரவில்லை.

நம் வழியில் கிடக்கும் கற்கள்

முதலாவது, தூரம். மேல் கணக்கிலிருந்து பிரதான வீதிக்கு இறங்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும் டிவிஷன்கள் உண்டு. அம்மா காலையிலேயே மலைக்குப் போய்விடுகிறார். பின்னேரம் மழையில் தேயிலைக்குள்ளே தனியாக ஏறி வரும் பெண்பிள்ளை, அதுவும் வயசுக்கு வந்த பிள்ளை என்றால், எந்தத் தாய்க்கும் பயம் இருக்கும். அந்தப் பயத்தை அறியாமை என்று சொல்லக் கூடாது. இந்தியாவில் பீகார் மாநிலம் 2006இல் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்தது. பள்ளி மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் அதிகப் பலன் கிடைத்தது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். தூரத்தைக் குறைத்தால் பயமும் குறையும். நம் மலையில் சைக்கிள் ஓடாது. நமக்கு வேண்டியது நேரத்துக்கு வரும் பஸ். 2005இல் தொடங்கிய சிசு சரிய சேவை அதற்குத்தான் இருக்கிறது. அது நம் சந்திக்கு வருகிறதா, எத்தனை மணிக்கு வருகிறது என்று டிப்போவில் கேட்க வேண்டும்.

இரண்டாவது, செலவு. ஒரு பிள்ளை போய்வர ஒரு நாளைக்கு 100 ரூபாய் என்று வையுங்கள். மாதத்துக்கு இருபது நாள் என்றால் 2,000 ரூபாய். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் அது ஒன்றரை நாள் உழைப்பு. இரண்டு பிள்ளைகள் போனால் மூன்று நாள் உழைப்பு பஸ்ஸுக்கே போகும். ஐந்தாம் தரம் வரை பிள்ளை நடந்தே போனது, இந்தச் செலவு இல்லை. ஆறாம் தரத்தில் திடீரென்று வருகிறது. சம்பளப் போராட்டமும் பிள்ளையின் படிப்பும் வேறு வேறு என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மூன்றாவது, பரீட்சை பற்றிய தவறான எண்ணம். புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி எடுக்காவிட்டால் "பிள்ளை பெயில்" என்று நினைக்கிற வீடுகள் இன்னும் உண்டு. பிள்ளையும் அப்படியே நம்பி மனம் உடைந்து போகிறது. அந்தப் பரீட்சை உதவிப்பணத்துக்கும், போட்டி உள்ள சில பெரிய பாடசாலைகளில் இடம் பிடிக்கவும் வைத்தது. எத்தனை புள்ளி எடுத்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறாம் தரத்துக்குப் போக உரிமை இருக்கிறது. இதை லயம் லயமாகப் போய்ச் சொல்ல வேண்டும்.

நாலாவது, பத்திரமும் மொழியும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் இன்னொரு பெயர் என்றால் புதிய பாடசாலையில் சேர்க்கும் நேரத்தில் இழுபறி. அதை ஐந்தாம் தரத்தின் கடைசித் தவணை வரை விட்டுவைக்காமல் முன்கூட்டியே திருத்த வேண்டும். மொழியும் ஒரு சிக்கல். நாவலப்பிட்டி, புசல்லாவை, மாத்தளை போன்ற இடங்களில் நமக்குப் பெயர்பெற்ற தமிழ்ப் பாடசாலைகள் இருக்கின்றன. ஆனால் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தனித்துக் கிடக்கும் தோட்டங்களில் கிட்டத்தில் தமிழ் இடைநிலைப் பாடசாலை இல்லை. அங்கே பிள்ளை ஒன்று வெகுதூரம் போக வேண்டும், அல்லது ஆறாம் தரத்தில் திடீரென்று மொழி மாற வேண்டும், அல்லது நிற்க வேண்டும். இரண்டாம் மொழியாகச் சிங்களத்தை நன்றாகப் படிப்பது நல்லது, அவசியம். அதற்காகத் தாய்மொழியில் படிக்கிற வழியை அடைத்துவிடக் கூடாது.

சட்டம் நம் பக்கம்

1997இல் வந்து 1998 முதல் நடைமுறையான ஒழுங்குவிதி ஐந்து முதல் பதினான்கு வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கியது. 2016இல் அது பதினாறு வயது வரை நீட்டப்பட்டது. 2021இல் வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக்குறைந்த வயதும் பதினாறு ஆனது. பதினான்கு வயதுப் பிள்ளையைக் கொழும்பில் கடைக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்பலாம் என்று தரகர் வந்து நின்றால், அவர் கேட்பது சட்டத்துக்கு விரோதமான காரியம்.

கட்டாயம் என்ற சொல் பெற்றோரை மட்டும் கட்டவில்லை. பதினாறு வயது வரை பிள்ளை படிக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டால், பதினாறு வயது வரை படிக்கப் பிள்ளை போய்வரக்கூடிய தூரத்தில் பாடசாலையை வைப்பதும் அரசாங்கத்தின் கடமை. கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில் பாடசாலை வருகைக் குழு இருக்க வேண்டும் என்றும் அந்த ஒழுங்குவிதி சொல்கிறது. உங்கள் பிரிவில் அந்தக் குழு இருக்கிறதா, அதில் தோட்டத்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு கொப்பி, ஐந்து கேள்விகள்

இனி வேலைக்கு வருகிறேன். ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தலைவியும் சேர்ந்து ஒரு கொப்பி போட வேண்டும். எண்பது பக்கக் கொப்பி போதும். போன வருஷம் ஐந்தாம் தரத்தில் இருந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் டிவிஷன்வாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஐந்து விஷயம் எழுதுங்கள். இந்த வருஷம் எந்தப் பாடசாலை, எந்தத் தரம்? எந்த மொழியில்? எவ்வளவு தூரம், எப்படிப் போகிறது? பிறப்புச் சான்றிதழ் சரியாக இருக்கிறதா? போகவில்லை என்றால் என்ன காரணம்?

மாதர் குழுத் தலைவிகள் இதை முன்னின்று செய்ய வேண்டும். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை நிற்கிறது என்று பீலிக்கரையில் பேசும்போதே அவர்களுக்குத் தெரிந்துவிடும். விசாரிக்கிற விதத்தில் கவனம் வேண்டும். நின்றுபோன பிள்ளையின் வீட்டைக் குற்றவாளி வீடு மாதிரி நடத்தினால் கதவைச் சாத்திவிடுவார்கள். அதிபரையும் ஆசிரியர்களையும் பகைத்துக்கொள்ளவும் கூடாது. அவர்களிடம் இடாப்பு இருக்கிறது, நம்மிடம் வீட்டு விபரம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும்.

உதாரணத்துக்கு, ஒரு தோட்டத்தில் 24 பேர் ஐந்தாம் தரம் முடித்தார்கள், 21 பேர் ஆறாம் தரத்தில் இருக்கிறார்கள் என்றால் வீதம் 87.5. அந்த எண்ணை நாட்டின் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மிச்சம் மூன்று பேரின் காரணத்தைக் கீழே எழுதுங்கள். அந்தத் தாளோடு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குப் போங்கள், வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கள், டிப்போவுக்குப் போங்கள். "எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள் இல்லை" என்று பொதுவாகச் சொன்னால் அதிகாரி தலையை ஆட்டிவிட்டு அனுப்பிவிடுவார். "இந்த டிவிஷனில் மூன்று பிள்ளைகள், காரணம் காலை ஆறே முக்கால் பஸ் வராதது" என்று எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் சங்கத்தின் மாவட்டக் காரியாலயம் எல்லாத் தோட்டத்துக் கொப்பியையும் ஒன்றாகச் சேர்க்கும். அப்போது மாகாணக் கல்வி அமைச்சின் முன்னால் கண்டி மாவட்டத்துக்கே ஒரு கணக்கை வைக்கலாம். ஐந்தாம் தரத்தோடு முடியும் எந்தப் பாடசாலையைப் பதினோராம் தரம் வரை உயர்த்த வேண்டும் என்பதையும் அந்தக் கணக்கே காட்டும்.

கொப்பியை அதோடு மூடிவிடாதீர்கள். அதே பிள்ளைகள் ஒன்பதாம் தரத்தில் எத்தனை பேர், சாதாரண தரப் பரீட்சைக்கு உட்காருபவர்கள் எத்தனை பேர் என்று வருஷா வருஷம் அதே பெயர்களுக்கு எதிரே எழுதிக்கொண்டு வாருங்கள். முதல் வாசலைக் கடந்த பிள்ளை நடுவழியில் நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

தோழர்களே, 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டு உயிர் நீத்தார். சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமையும் சம்பளம் பேசும் உரிமையும் அப்படித்தான் நமக்குக் கிடைத்தன. பிள்ளைகளின் கணக்கைக் கேட்கும் உரிமையும் சங்கத்தின் உரிமைதான். ஹந்தானை மலைச்சரிவில் நம்மவர்கள் கொழுந்து எடுக்கிறார்கள். அதன் அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் கையெட்டும் தூரம். ஆனால் லயத்திலிருந்து அங்கே போகிற வழி ஆறாம் தரத்தின் வாசலைக் கடந்துதான் போகிறது.

அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத்தவரும் அந்தக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். பேச்சைக் குறைத்துக்கொண்டு, அன்றைக்குப் பெயர்களை வாசிப்போம்.